புதுப்பிப்பு: ஆலோசகரிடம் வாய் திறக்க வரவில்லை என்று கேட்டிருந்தேன், இப்போது பேசிவிட்டேன்

தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், மனநல ஆலோசகர் முன் உட்கார்ந்தால் பேச்சே வரவில்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்ற யோசனைதான். நாலாக மடித்த தாள், கை வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. ஆலோசகர் அதை மெதுவாகப் படித்துவிட்டு, "மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பிப்போமா?" என்றார். அப்புறம் நாற்பது நிமிடம் நான்தான் பேசினேன்.

எதிர்பாராத விஷயம், என் கோபமே மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம் என்று அவர் சொன்னது. ஆண்களிடம் அது அழுகையாக இல்லாமல் எரிச்சலாக வெளிப்படுவது சகஜமாம். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் கேட்டு மனச்சோர்வை அளவிடும் பிஹெச்கியூ-9 படிவத்தை நிரப்பினேன். தைராய்டு கோளாறும் இப்படிச் சோர்வைத் தரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்தேன், அதில் குறையில்லை.

வாரம் ஒருமுறை போகிறேன். தூக்கம் திரும்பிவிட்டது. கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.