பதில்: ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு வேறு சொல் வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (wet-bulb temperature, காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு) செய்திகளில் வேறு சொல் வைக்கலாம் என்று நான் எழுதியதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> 'ஈரக்குமிழ் வெப்பநிலை' ஏற்கெனவே புழங்கும் சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்க வேண்டாம். வெப்பமானியின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருப்பதால் வந்த பெயர் அது. கருவியைப் பற்றிப் பேசும்போது அதுவே இருக்கட்டும். என் சிக்கல் செய்தி எழுதும்போதுதான். 'ஈரக்குமிழ் வெப்பநிலை 31ஐத் தொட்டது' என்று போட்டால் வாசிப்பவருக்குச் சோப்பு நுரைதான் நினைவுக்கு வரும். 31தானே, இதமான நாள் போல என்று தாண்டிப் போய்விடுவார். ஆளைச் சாய்க்கிற எண் அது.

வீட்டிலேயே செய்து பார்த்தேன். சாதாரண வெப்பமானி இரண்டு. ஒன்றின் குமிழில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு, இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். பத்து நிமிடத்தில் காய்ந்தது 34 காட்டியது, நனைந்தது 29. துணியிலிருந்து ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்வை நம்மைக் காப்பாற்றுவதும் இதே வழியில்தான். காற்றில் ஈரம் ஏற ஏற இரண்டு எண்களும் நெருங்கும். (துணியை நாலைந்து நாள் அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்புப் பூத்து விறைத்துப்போய், கணக்கே தப்பாகிவிட்டது. காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.)

ஆக, வியர்த்து வியர்த்து உடம்பு எதுவரை குளிர முடியும் என்பதன் எல்லை இந்த எண். 35ஐத் தாண்டிய நிலை மணிக்கணக்கில் நீடித்தால் யாராலும் தாங்க முடியாது என்று 2010இல் காலநிலை ஆய்வாளர்கள் ஷெர்வுட், ஹூபர் இருவரும் எழுதினார்கள். 2022இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், ஈரமான சூழலில், நலமாக இருந்த இளைஞர்களுக்கே 31ஐ ஒட்டி உடல் வெப்பம் கட்டுக்குள் நிற்கவில்லை. முதியவர்கள் நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: புழுக்கம். என் முன்மொழிவு, புழுக்க வெப்பநிலை.

> புழுக்கம் உணர்வு, அளவு அல்ல.

அழுத்தம் மட்டும் என்ன, இயற்பியலுக்கென்றே பிறந்த சொல்லா? நெல்லை அவித்தால் புழுங்கல். ஈரமும் சூடும் சேர்ந்து வேகவைக்கிற வேலை அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 'ஈரக்குமிழ்' என்பதில் அது எங்கே?

> 44 டிகிரியில் கொதிக்கும் ஊரில் 'புழுக்க வெப்பநிலை 23' என்றால் சிரிப்பார்கள்.

இந்த மறுப்புதான் என்னை யோசிக்க வைத்தது. கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது. 44 டிகிரி, ஈரப்பதம் 15 விழுக்காடு என்றால் சுமார் 23. கடலோரத்தில் 34 டிகிரி, 75 விழுக்காடு என்றால் சுமார் 30. 'எங்க ஊர்ல வெயில்தான், புழுக்கம் கிடையாது' என்று வேலூர்க்காரர் சொல்வதும் இதையேதான். ஆனால் 23 என்பதைத் தனியாகப் போட்டால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள், சரிதான். காற்று வெப்பநிலையைப் பக்கத்தில் போடாமல் இந்த எண்ணை அச்சிடக் கூடாது என்று இந்தச் சொல்லுக்கான பதிவில் ஒரு குறிப்புச் சேர்க்கிறேன்.

இது வெறும் சொல் சண்டையும் இல்லை. வெப்ப அலை என்று அறிவிக்க வானிலை ஆய்வுத் துறை பார்ப்பது சமவெளியில் குறைந்தது 40, கடலோரத்தில் 37, கூடவே வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பது. ஈரப்பதத்துக்கு அதில் இடமில்லை. மேலே சொன்ன 34 டிகிரி நாள் அந்த வாசலுக்கே வராது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டதால், எந்த நாளை எண்ணுகிறோம் என்பது நிவாரணம் வரை போகும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். புவி சூடாகச் சூடாக, கடலோரத்தில் வெயிலைவிடப் புழுக்கமே முந்திக்கொள்ளலாம்.

அப்புறம், கருங்கோளத்தையும் (வெயிலின் சூட்டை அளக்க, உள்ளே வெப்பமானி வைத்த கறுப்பு உருண்டை) சேர்த்துப் பார்க்கும் கூட்டு எண் (WBGT): ஈரக்குமிழ் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோளம் 20, காற்று 10. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலையை எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்ய உதவுவது இதுதான். 'ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை' என்று எவர் வாயிலும் நுழையாது. வெயிற்புழுக்க அளவு என்று வைக்கலாமா? கைப்பேசியில் 'உணரப்படுவது' என்று வருவது வேறு கணக்கு, அதற்கு உணர்வெப்பம் போதும். மூன்றையும் குழப்ப வேண்டாம்.

யாழ்ப்பாணத்து நண்பர் 'அவிச்சல்' என்று எழுதியிருந்தார். அதே அடுப்பிலிருந்து வந்த சொல்தான், உண்மையைச் சொன்னால் காதுக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஆனால் 'அவிச்சல் வெப்பநிலை' இங்கே பலருக்குச் சமையல் குறிப்பாகக் கேட்கும். பதிவில் இணைச்சொல்லாகப் போடுகிறேன். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள்.