புதுப்பிப்பு: மகனுடன் சேப்பாக்கம் டெஸ்ட், செலவுக்குத் தகுமா?

மதுரையிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு இந்தியா–வங்கதேச டெஸ்ட் (2024 செப்டம்பர்) பார்க்கப் போகலாமா, செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, "ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள், முதல் நாளே போங்கள்" என்ற யோசனைதான். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தோம். ஆட்டம் நான்காம் நாளான ஞாயிறு காலையிலேயே முடிந்துவிட்டது. என் முதல் திட்டப்படி ஞாயிறு போயிருந்தால் காலை ஆட்டம் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இரவு ரயிலில் போய் இரவு ரயிலிலேயே திரும்பியதால் அறை வாடகை மிச்சம். எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தோம். இருவருக்கும் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

எதிர்பாராதது ஆட்டம்தான். இந்தியாவுக்கு 144 ரன்னுக்கு 6 விக்கெட் போனபோது மகன் முகம் வாடிவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கும் தோன்றியது. பிறகு அஸ்வினும் ஜடேஜாவும் ஆடினார்கள். அஸ்வின் சொந்த ஊரில் சதம் தொட்டபோது எழுந்த ஆரவாரம் எந்தத் தொலைக்காட்சியிலும் கேட்காது. மாலையில் 339க்கு 6.

வெயில் மட்டும் கடுமை. நிழல் விழும் பக்கத்தை விசாரித்து டிக்கெட் எடுங்கள். பையை ரயில் நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.