விரால் குஞ்சுகள் தீவனத்தைத் தொடுவதே இல்லை, எண்ணிக்கையும் குறைகிறது

குடமுருட்டிக்கரை: வாய்க்காலில் பிடித்த விரால் குஞ்சுகளைப் பின்கட்டுச் சிமெண்ட் தொட்டியில் விட்டிருக்கிறேன். விரல் நீளம் இருக்கும். கெண்டைக்குப் போடும் மிதவைத் தீவனத்தைக் காலையும் மாலையும் தூவுகிறேன். ஊறி உப்பி அப்படியே மிதக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் வயிறு புடைத்துத் திரிகின்றன, மற்றவை நூலாக மெலிகின்றன. நாளுக்கு நாள் குறைகின்றன, செத்து மிதப்பதையும் காணோம். கொக்கு வேலையா?

வயல்நண்டு: மேலே வலை கட்டியிருக்கிறீர்களா? விரால் துள்ளி வெளியே விழுந்துவிடும். மழை இரவில் கேட்கவே வேண்டாம்.

குடமுருட்டிக்கரை: வலை இருக்கிறது. தொட்டியைச் சுற்றிலும் தேடிவிட்டேன்.

மடைக்காரர்: கொக்கை விடுங்கள். வயிறு புடைத்த அந்த ஒன்றிரண்டுதான் மற்றவற்றை விழுங்குகின்றன. விரால் மேய்கிற மீன் அல்ல. ஆற்றில் கோரைப்புல் அடியில் அசையாமல் கிடக்கும். தவளையோ இறாலோ பொடிமீனோ எட்டும் தூரத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். சிவந்த குஞ்சாகப் பெற்றோர் காவலில் கூட்டமாகத் திரியும்போது கண்ணுக்கு எட்டாத நீர்ப்பூச்சிகளைத் தின்னும். விரலளவு வந்ததும் அசைவதெல்லாம் இரை, பக்கத்தில் நீந்தும் உடன்பிறப்பு உட்பட. அசையாத உருண்டை அதற்குத் தீனியாகவே தெரியாது.

இன்றே பெரியதையும் சிறியதையும் வேறு தொட்டிகளில் பிரியுங்கள். முதலில் நறுக்கிய மண்புழு. பிறகு மத்தியை முள் நீக்கி அரைத்துக் கொடுங்கள். அதை ஆவலாக எடுத்த பின், விராலுக்கென்று விற்கும் புரதம் மிகுந்த தீவனத்தைப் பொடித்து விழுதோடு பிசைந்து, பொடியின் பங்கை மெல்லக் கூட்டுங்கள். கெண்டைத் தீவனத்தில் அதற்குத் தேவையான புரதம் இல்லை. பொழுது சாயும் நேரத்தில், தினமும் ஒரே மூலையில் போடுங்கள்.

வயல்நண்டு: இவ்வளவு பாடு எதற்கு? பொடிமீனை உயிரோடு விட்டால் தானே தின்னும்.

மடைக்காரர்: தின்னும். அந்த ருசி கண்ட மீன் பிறகு தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. பொடிமீனுக்குத் தினமும் எங்கே போவது?

குடமுருட்டிக்கரை: பிரித்துவிட்டேன். புழுவைப் பாய்ந்து எடுக்கின்றன. வெயிலுக்காக ஆகாயத்தாமரை போடலாமா?

மடைக்காரர்: ஓர் ஓரத்தில் மட்டும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கித்தான் உயிர் வாழும். நீர்ப்பரப்பு முழுக்க மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மத்தி விழுது மிஞ்சினால் அன்றே அள்ளிவிடுங்கள், தண்ணீர் நாறிவிடும்.