கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்கப்போகும் 'எம்சி'

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் இங்குள்ள சுருக்கச் சொற்களில் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது எம்சி என்பதே என் கருத்து; ஏனெனில் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் விழக்கூடும்.

மெடிக்கல் சர்டிஃபிகேட் என்ற இரு சொற்களின் முதலெழுத்துகளே எம்சி. மருத்துவர் தரும் சான்றிதழைக் குறித்த அச்சொல், இங்குள்ளோர் பேச்சில் அந்த விடுப்பையே குறிக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது. "அவர் இன்றைக்கு எம்சி" என்று உடன் பணிபுரிபவர் சொன்னால், நோய் விடுப்பில் இருக்கிறார் என்று பொருள். ஊரில் ஒரு நாள் காய்ச்சலுக்கு விடுப்புக் கடிதமே போதும் என்று பழகியவர்கள், இங்கே பல நிறுவனங்கள் அந்த ஒரு நாளுக்கும் எம்சி கேட்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, பணியில் சேர்ந்து 2 ஆண்டுகள் நிறையாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள்களும், 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு 18 நாள்களும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள்களும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள்கள் தனியே கிடைக்கும். ஆனால் கையில் எம்சி இருந்தாலும், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்யாதவர், அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவார். ஆகவே கிளினிக்குக்குக் கிளம்பும்போதே மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நிறுவனம் நியமித்துள்ள 'பேனல் கிளினிக்' எது என்பதை உடல் நலமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. அவசரமும் தூரமும் தடையாக இருந்தாலன்றி, முதலில் அங்கேதான் செல்ல வேண்டும். ஊரிலுள்ள குடும்ப மருத்துவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சான்று, அவர் மலேசியாவில் பதிவு பெற்றவர் அல்லர் என்பதால், இதற்கு உதவாது.

திருமண விருந்துகளில் எம்சி என்றால் மாஸ்டர் ஆஃப் செரிமனீஸ், அதாவது நிகழ்ச்சி நெறியாளர்.

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. மின்தூக்கி அருகே ஒட்டப்படும் அறிவிப்பில் எம்சி என்றிருந்தால், அது மேனேஜ்மென்ட் கார்ப்பரேஷன் எனப்படும், வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட நிர்வாக அமைப்பு. அதற்குப் பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் பொறுப்பு உரிமையாளருடையது. எனினும் உங்கள் வாடகை ஒப்பந்தம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன்பே படித்துப் பாருங்கள்.