தம்பி ட்ரீட்மெண்ட் பத்தி டாக்டர் எங்ககிட்ட சொல்ல மாட்டேங்கிறார், வீட்டுக்காரங்களுக்கு உரிமையே இல்லையா?

வேளச்சேரி_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 26 வயசு, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. கொஞ்ச நாளாவே ஆளு சரியில்ல, ராத்திரி தூங்கறதில்ல, சாப்பாடு வச்ச இடத்துலயே இருக்கு, கேட்டா ஒன்னும் இல்லக்கான்னு ரூம் கதவ சாத்திக்கறான். மனநல டாக்டர்கிட்ட போயிட்டிருக்கான்னு மாத்திரை அட்டைய பாத்து தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நானும் அம்மாவும் அந்த க்ளினிக்குக்கு போய் கேட்டோம், டாக்டர் மரியாதையா தான் பேசினார் ஆனா "அவர் சம்மதம் இல்லாம அவர் இங்க வர்றாரான்னு கூட நான் சொல்ல முடியாதும்மா"ன்னுட்டார். பெத்தவளுக்கு தெரியாம என்ன வைத்தியம்னு அம்மா ஒரே அழுகை. இதுல பெரியம்மா வேற அவனுக்கு பொண்ணு பாக்கறாங்க. எனக்கு இருக்கற பயம் அவன் ஏதாவது பண்ணிக்கிட்டான்னா?? அப்பவும் சொல்ல மாட்டாங்களா? சட்டமே இப்படித்தானா இல்ல டாக்டர் அவரா சொல்றாரா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாரிமுனை_வக்கீல்:
சட்டம் தான் மேடம். மனநல பராமரிப்பு சட்டம் 2017, பிரிவு 23. மனநலம், உடம்புக்கு பாக்கற ட்ரீட்மெண்ட் எல்லாத்தையுமே ரகசியமா வைக்கணும்னு பேஷண்டுக்கு உரிமை குடுக்குது. ஆனா அதே பிரிவுலயே விதிவிலக்கும் இருக்கு, உயிருக்கு ஆபத்துன்னா அதை தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்லலாம், இன்னொருத்தருக்கு ஆபத்துன்னாலும் அப்படித்தான். அதனால நீங்க பயப்படற அந்த நிலைமைல டாக்டர் வாய மூடிட்டு இருக்கணும்னு சட்டம் சொல்லல.

நிறைய பேருக்கு தெரியாதது பிரிவு 14. பேஷண்ட் தனக்கு ஒரு நாமினேட்டட் ரெப்ரசென்டேட்டிவ் வச்சுக்கலாம், அதாவது வைத்திய விஷயத்துல தனக்கு துணையா நிக்க அவரே நியமிக்கற ஆள். ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி எதுவும் வேண்டாம், வெள்ளைத்தாள்ல எழுதி கையெழுத்து போட்டா போதும். அந்த ஆளுக்கு நோய் என்ன, ட்ரீட்மெண்ட் என்னன்னு கேக்கற உரிமை பிரிவு 17லயே இருக்கு. யாரையும் எழுதிக் குடுக்கலைன்னா சொந்தக்காரங்கள அந்த இடத்துல வச்சு பாக்கலாம்னும் சட்டத்துல இருக்கு, ஆனா அதை காட்டி க்ளினிக்ல சண்டை போடாதீங்க. உங்க தம்பி தானா போய் வைத்தியம் பாக்கற, சுயமா முடிவெடுக்கற ஆள். அவர் சொல்றது தான் முதல்ல.

கல்யாண விஷயமா யாராவது 1998 சுப்ரீம் கோர்ட் கேஸ் சொல்வாங்க, எச்ஐவி இருக்கறது கல்யாணத்துக்கு முன்னாடி வெளில தெரிஞ்ச கேஸ். ரகசியம் காக்கற உரிமைக்கும் எல்லை உண்டு, கட்டிக்கப்போற பொண்ணோட உடல்நலமும் முக்கியம்னு அதுல சொன்னாங்க. அது தொத்தற நோய் பத்தினது. அதை இங்க கொண்டு வந்து ஒட்ட முடியாது.

ஓய்வுபெற்றவன்_அண்ணாநகர்:
சட்டம் சரி சார், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கறது யாரு? வீட்டுக்காரங்க தானே. என் பொண்ணு விஷயத்துல நாங்க இதை அனுபவிச்சோம். எல்லாம் கைமீறி கேஷுவாலிட்டிக்கு தூக்கிட்டு ஓடும்போது தான் எங்களையே உள்ள கூப்பிட்டாங்க, அதுவரைக்கும் எந்த மாத்திரை சாப்பிடறான்னு கூட தெரியாது. டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகள்லயே பேஷண்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் நிலைமை என்னன்னு அவங்க நன்மைக்கு வேண்டிய அளவு தெரிஞ்சிருக்கறத டாக்டர் உறுதி பண்ணிக்கணும்னு இருக்கு. அதை ஏன் யாரும் எடுத்து பேசறதில்ல? பாத்துக்கறவங்கள கண்ண கட்டி விட்டா எப்படி பாத்துக்கறது.

பாரிமுனை_வக்கீல்:
ஐயா சொல்றது நியாயம், அந்த விதி இருக்கு. அதே விதிகள்ல பேஷண்ட் ரகசியத்த வெளில சொல்லக்கூடாதுன்னும் இருக்கு. 2008ல சமீரா கோலி கேஸ்ல, மயக்கத்துல இருந்த வயசு வந்த பொண்ணுக்காக அம்மா குடுத்த சம்மதம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, உயிர் போற அவசரம் இல்லாத ஆபரேஷன் அது. பாசம் எவ்வளவு இருந்தாலும் வளந்தவங்க சார்பா நாம முடிவெடுக்க முடியாது.

மறைஞ்சிருந்தவன்:
நான் உங்க தம்பி இடத்துல இருந்தவன்க்கா. என் ட்ரீட்மெண்ட் விஷயம் அப்பாவுக்கு தெரிஞ்சு அப்பா சித்தப்பாகிட்ட சொல்லி அவர் ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல பையனுக்காக எல்லாரும் வேண்டிக்கோங்கன்னு போட்டுட்டார். நல்ல மனசுல தான் போட்டார். ஆனா அதுக்கப்புறம் நான் டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திட்டேன், திரும்ப போக ரொம்ப நாளாச்சு. உங்க தம்பி சொல்லாததுக்கு உங்க மேல கோவம்னு அர்த்தம் இல்ல, வீட்ல ஒருத்தருக்கு தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும்னு பயம். "எனக்கு தெரியும்டா, அம்மாவ தவிர யார்கிட்டயும் சொல்லல, என்னன்னு கேக்க மாட்டேன், டாக்டர்கிட்ட கூட வரட்டுமா"ன்னு மட்டும் கேளுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுட்டு அடுத்த தடவ கேளுங்க.

சிஸ்டர்_பெரம்பூர்:
ஸ்டாஃப் நர்ஸா சொல்றேன்மா, டாக்டர் உங்ககிட்ட சொல்லக்கூடாது அவ்வளவுதான், நீங்க அவர்கிட்ட சொல்றத எந்த சட்டமும் தடுக்கல. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாவ பத்தி ஏதாவது பேசினானா, இதெல்லாம் ஒரு தாள்ல எழுதி குடுத்துட்டு வாங்க. ஆனா தம்பிக்கு தெரிய வேண்டாம்னு சொல்லாதீங்க, அவர் தம்பிகிட்ட பேசும்போது அதை எடுப்பார், அப்ப தம்பிக்கு ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை போயிடும். மாத்திரைய ஒளிச்சு வைக்கறது, நிறுத்த சொல்றது கூடவே கூடாது, சிலத திடீர்னு நிறுத்தினா தலை சுத்தும், எரிச்சல் வரும், இருக்கற தூக்கமும் கெடும். சாகணும் போல இருக்குன்னு பேசினாலோ எழுதி வச்சிருந்தாலோ தனியா விடாதீங்க, நேரா கேஷுவாலிட்டி. அம்மாவுக்கு பேச ஆள் வேணும்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

வேளச்சேரி_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஐயா உங்க பொண்ணு இப்ப நல்லா இருக்காங்கன்னு நம்பறேன். சனிக்கிழமை அவன் வீட்ல இருப்பான், அப்ப பேசறேன். வக்கீல் சார் ஒரு சந்தேகம், அந்த வெள்ளைத்தாள்ல அம்மா பேர் என் பேர் ரெண்டும் போடலாமா?

பாரிமுனை_வக்கீல்:
ஒருத்தர் பேர் தான். அது யாருன்னு தம்பியே சொல்லட்டும், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு கையெழுத்துக்கு நீட்டாதீங்க. அவர் எப்ப வேணா மாத்திக்கலாம், ரத்தும் பண்ணலாம், அதையும் அவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.