சின்னப் பிள்ளைகளோடு கப்பல் பயணம்: பால்கனி கேபின் எடுப்பதா, இரண்டு உள் அறை எடுப்பதா?

கும்பகோணம் மருமகள்:

வணக்கம். மே மாத விடுமுறையில் சிங்கப்பூர் போகிறோம். கொழுந்தனார் அங்கே வேலையில் இருக்கிறார். வந்ததுதான் வந்தீர்கள், கப்பலில் பினாங்கு வரை போய்த் திரும்பலாம் என்று அவர்தான் ஆசை காட்டினார். மூன்று இரவுப் பயணம். திருச்சியிலிருந்து நேர் விமானம். ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் வீட்டுக்காரர் ஊரில் இருக்க வேண்டும், குறுவை வேலை இருக்கிறது. அதனால் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், 5 வயதுப் பையன், இன்னும் இரண்டு வயது முடியாத பெண் குழந்தை, முட்டி வலியுள்ள என் அத்தை (மாமியார், வயது 64). டிராவல் ஏஜென்ட் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, எங்கள் நால்வருக்கும் ஒரு பால்கனி கேபின், அத்தைக்கு வேறு டெக்கில் (கப்பலின் மாடியை அப்படிச் சொல்கிறார்கள்) தனியாக ஓர் உள் அறை. இன்னொன்று, ஜன்னல் இல்லாத உள் அறைகள் இரண்டு. அதிலும் அறை எண்ணைக் கப்பல் கம்பெனியே கடைசியில் ஒதுக்குமாம், அப்படி எடுத்தால் விலை நன்றாகக் குறைகிறதாம்.

கடலைப் பார்க்காமல் கப்பலில் எதற்குப் போவது என்கிறார் கணவர். எனக்குக் கவலையெல்லாம் தூக்கம்தான். பாப்பா இன்னும் தூளியில்தான் தூங்குகிறாள். அத்தை இரவில் தனியாக இருக்கப் பயப்படுவார். எந்த அறை எடுப்பது? கப்பல் ஆடினால் பிள்ளைகளுக்கு வாந்தி வருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்கை மன்னார்குடியான்:

வணக்கம் சகோதரி. நான் பிள்ளைகள், அம்மா அப்பாவோடு இதே வழியில் போய் வந்தவன். முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். கைக்குழந்தை என்றாலும் கப்பலில் அதுவும் ஓர் ஆள். உயிர்காப்புப் படகில் ஒவ்வொருவருக்கும் இடம் இருந்தாக வேண்டும் என்பதால் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. சாதாரண கேபினில் அதிகபட்சம் நான்கு பேர். ஐந்து பேருக்கு இரண்டு அறை கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையைத் தனி அறையில் போட்டால் செலவு ஏறும். கேபின் விலையை இரண்டு பேர் என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் தங்கினால் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அதே ஐந்து பேரை மூன்று, இரண்டு என்று பிரித்தால் இந்தச் செலவு இல்லை. மூன்றாவது ஆளுக்குக் கட்டணமும் பொதுவாகக் குறைவு. ஆனால் துறைமுக வரி, பணியாளர்களுக்கான நாள் கட்டணம் இரண்டும் குழந்தைக்கும் உண்டா என்று கேட்டு, மொத்தத் தொகையாகவே விலை வாங்குங்கள்.

நான் எடுக்கச் சொல்வது, நடுவில் கதவு உள்ள இரண்டு அறை. இதைக் கனெக்டிங் ரூம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். "பக்கத்துப் பக்கத்து அறை" என்று ஏஜென்ட் சொன்னால் அது வேறு. அதில் நடுக்கதவு இருக்காது, ஒவ்வொரு தடவையும் வராந்தாவுக்கு வந்துதான் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது இந்த வித்தியாசம் தெரியும். டெக் வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

அறை எண் பிறகு வரும் என்ற மலிவு டிக்கெட் மட்டும் வேண்டாம். தனி ஆளுக்கு, கணவன் மனைவிக்கு அது சரி. உங்களுக்கு ஓர் அறை முன்பக்கமும் இன்னொன்று பின்பக்கமுமாக வந்து விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பது? இன்னொரு விஷயம், மூன்று பேர் தங்கும் உள் அறைகள் குறைவு, அவை முதலிலேயே தீர்ந்துபோகும். இந்த வாரமே பேசிவிடுங்கள்.

மாயவரம் அக்கா:

தங்கச்சி, தூளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலில் தூளி கட்ட முடியாது. கூரை தகடு, கொக்கி எதுவும் இருக்காது. நீர் தெளிப்பான் குழாய் தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சேலையைக் கட்டவே கூடாது. கேட்டால் மடக்குக் கட்டில் ஒன்று இலவசமாகத் தருவார்கள், ஆனால் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடு. இன்றிலிருந்தே பாப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாயில் படுக்கப் பழக்கு. மதியத் தூக்கத்தில் தொடங்கு, ராத்திரித் தூளியைக் கடைசியாக எடு. ஒரே நாளில் நிறுத்தினால் வீடே விழித்திருக்கும்.

உள் அறை பிள்ளைகளுக்கு நல்லதுதான். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு சாப்பிட்டதும் கண் செருகும், அந்த நேரத்துக்கு இந்த இருட்டு வரம். ஆனால் விடிந்தது தெரியாது, எழுப்ப அலாரம் வை. குளியலறைப் பக்கம் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். கப்பல் குளியலறை வாசலில் நிலைப்படி உயரமாக இருக்கும், முட்டி வலிக்காரருக்கு அதுதான் ஆபத்து. அத்தையை முதல் நாளே இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லு.

குளிக்க ஷவர் மட்டும்தான், அதுவும் ஒரு ஆள் நிற்கும் அளவு. குழந்தையை உட்கார வைத்து ஊற்ற ஒரு பிளாஸ்டிக் சொம்பும் மடக்கு வாளியும் கொண்டுபோ. கழிப்பறையில் தண்ணீர்ப் பீச்சான் பெரும்பாலும் இருக்காது, சொம்பு அதற்கும் ஆகும். எலக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி எதையும் எடுத்துப்போகாதே. சூடேறும் கருவிகளைத் தீ பயத்தால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நல்ல பிளாஸ்க் ஒன்று போதும். சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீர் எப்போதும் கிடைக்கும். சத்துமாவை அதில் கரைத்துக் கொடுக்கலாம், சீல் பிரிக்காத பாக்கெட்டாக எடுத்துப்போ. சோறும் பருப்பும் தயிரும் கிடைக்கும், காரம் போடாமல் தரச் சொன்னால் தருகிறார்கள்.

பால்கனியைப் பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் வயது. கைப்பிடி ஒரு மீட்டருக்கு மேல் உயரம்தான், கதவும் கனமானதுதான். ஆனாலும் நாற்காலி என்று ஒன்று அங்கே இருக்கிறதே. பால்கனி எடுத்தால் நாற்காலியை உள்ளே எடுத்துப் போடு, மேல் தாழ்ப்பாளைப் போடு, பெரியவர் ஒருவர் இல்லாமல் கதவைத் திறக்காதே. மூன்று நாளும் இதையே காவல் காக்க வேண்டும் என்றால் உனக்கு ஓய்வு எங்கே?

நாகை வெளிப்பாளையம்:

அம்மா, கப்பல் ஆட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அந்தக் கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. ஏழைகள் எல்லாம் டெக்கில் பாய் விரித்துத்தான் போனார்கள். விவரம் தெரிந்தவர்கள் கப்பலின் நடுவில் இடம் பிடிப்பார்கள், முனையில் படுத்தவர்கள் வாந்தியெடுத்தே ஓய்ந்து போவார்கள் என்று அப்பா சொல்வார். அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. சீசாப் பலகையில் நடுவில் இருப்பவன் அசைவது குறைவு, முனையில் இருப்பவன்தான் ஏறி இறங்குவான். முன்பக்க அறையும் பின்பக்க அறையும் மேலும் கீழும் போகும், மேல் டெக்குகள் பக்கவாட்டில் அதிகம் சாயும். ஆக, நடுப்பகுதி, கீழ் டெக். விலை உயர்ந்த அறைகள் மேலே இருக்கின்றன என்பதற்காக மேலே போக வேண்டியதில்லை.

நீங்கள் போகும் வழியான மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்ரா தீவு அணை கட்டியது மாதிரி நிற்கிறது. நம் வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் அலை அங்கே கிடையாது. மே மாதத்தில் விடியற்காலை திடீர்க் காற்றும் மழையும் வரலாம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். இங்கே நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை போகும் கப்பலில் பலர் வாந்தியெடுத்ததைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த அது சின்னக் கப்பல். நீங்கள் ஏறப்போவது ஆயிரக்கணக்கானோர் போகிற கப்பல். சாய்வைக் குறைக்க நீருக்கடியில் இரு பக்கமும் மீன் துடுப்பு மாதிரித் தகடு வைத்திருப்பார்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயண வாந்தி அபூர்வம். உங்கள் பையனின் வயதில்தான் வரும். பஸ்ஸில் வாந்தியெடுக்கும் பிள்ளையா? அப்படியென்றால் குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற மருந்தையும் அளவையும் எழுதி வாங்குங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

திருவாரூர் தேர்வீதி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பால்கனி வீண் இல்லை. பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால் ஒற்றை உள் அறையில் நீங்கள் இருவரும் விளக்கும் போடாமல் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காரலாம், பேசலாம். எங்களுக்கு அந்த இரவுகள்தான் பயணமே. கடலைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதையும் லேசாகத் தள்ளாதீர்கள்.

சிங்கை மன்னார்குடியான்:

அண்ணன் சொல்வது நியாயம், ஓர் அறைக்கு. நடுக்கதவு உள்ள இரண்டு அறைகளில் அந்தச் சிக்கல் வராது. இந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்க, அந்தப் பக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு அத்தையோடு பேசிக்கொண்டிருக்கலாம். அத்தைக்குக் கண் அசந்தால் நீங்கள் இருவரும் மேல் டெக்குக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். பணம் இடம் கொடுத்தால் கனெக்டிங்கிலேயே ஜன்னல் அறை கேளுங்கள், அந்த ஜன்னல் திறக்காது, பயமில்லை. வரைபடத்தில் அந்த ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனியின் க்வாண்டம் வகைக் கப்பல் என்றால் உள் அறையிலேயே சுவர் உயரத் திரையில் வெளிக்கடலை நேரலையாகக் காட்டுகிறார்கள், இருட்டு வேண்டுமென்றால் அணைத்துவிடலாம்.

கும்பகோணம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்டிடம் பேசிவிட்டேன். கனெக்டிங் உள் அறைகள் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். ஒன்று நீச்சல் குள டெக்குக்கு நேர் கீழே, நடுப்பகுதி. சாப்பாட்டுக் கூடம் பக்கம், அத்தைக்கு நடை குறையும் என்கிறார். இன்னொன்று நாலு டெக் கீழே, நடுவிலிருந்து சற்றுப் பின்னால், லிஃப்டிலிருந்து ஏழெட்டு அறை தள்ளி. எது நல்லது? யார் எங்கே படுப்பது என்பதும் பிடிபடவில்லை. பையன் மேலிருந்து இறக்கும் பெர்த்தில்தான் படுப்பேன் என்கிறான்.

சிங்கை மன்னார்குடியான்:

கீழே உள்ளதை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். குளத்துக்குக் கீழ் அறையில் விடிவதற்கு முன்பே தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும், ராத்திரி பாட்டுச் சத்தம். உங்கள் அறைக்கு மேலும் கீழும் வேறு கேபின்களே இருக்க வேண்டும், அதுதான் அமைதி. அரங்கமோ பாரோ கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். லிஃப்டிலிருந்து ஏழெட்டு அறை என்பது அத்தை நடக்கக்கூடிய தூரம்தான், லிஃப்ட் ஓசையும் எட்டாது.

மேல் பெர்த் வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அதில் படுக்க வைக்கக் கூடாது என்பதுதான் பொது வழக்கம், அவன் கேட்டாலும் சரி. உங்களுக்கு அது தேவையும் இல்லை. கீழ்க் கட்டில்களைச் சேர்த்தும் போடலாம், பிரித்தும் போடலாம். ஓர் அறையில் சேர்த்துப் போட்டு நீங்கள் இருவரும், பக்கத்தில் பாப்பாவின் மடக்குக் கட்டில். மறு அறையில் பிரித்துப் போட்டு அத்தைக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. அறை 150 முதல் 180 சதுர அடிதான் இருக்கும், மடக்குக் கட்டில் வந்தால் நடக்க இடமிருக்காது. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். சுவர் உலோகம் என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும், ஈரத்துணி மாட்ட நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாயவரம் அக்கா:

நீச்சல் குளத்தில் பாப்பாவை இறக்க விடமாட்டார்கள், டயப்பர் போடும் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, நீச்சல் டயப்பர் போட்டாலும்தான். சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் உண்டு, அதைக் கேட்டு வை. பிள்ளைகள் விளையாட்டுக் கூடமும் மூன்று வயதுக்கு மேல், டயப்பர் விட்ட பிள்ளைகளுக்குத்தான். பையன் போகலாம், பாப்பா உன்னோடுதான். பையனின் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், ஆபத்து என்றால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்ற எண் அதில் இருக்கும். அதை அவன் கழற்றாமல் பார்த்துக்கொள்.

கும்பகோணம் மருமகள்:

கீழ் டெக் அறைகளையே எழுதச் சொல்லிவிட்டேன். இரண்டு எண்ணும் எழுத்தில் வந்துவிட்டன, வரைபடத்தில் நடுக்கதவுக் குறியும் இருக்கிறது. ஜன்னல் அறைக்குப் பணம் எட்டவில்லை. மேல் டெக்கில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று கணவர் ஒத்துக்கொண்டார். பதிவில் ஓர் அறைக்கு நாங்கள் மூவர், மறு அறைக்கு அத்தையும் பையனும் என்று போட்டிருக்கிறார்கள். அது சரிதானே? விசாவில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

சிங்கை மன்னார்குடியான்:

சரிதான். ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி, அத்தை இருக்கிறார். நடுக்கதவு பூட்டித்தான் இருக்கும், ஏறியதும் அறைப் பணியாளரிடம் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். விசாவில் ஒன்று முக்கியம். கப்பல் கிளம்பினால் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். அதனால் ஐந்து பேர் விசாவிலும் மல்டிபிள் என்ட்ரி இருக்கிறதா என்று பாருங்கள், பாப்பாவுடையதையும் சேர்த்து.

மாயவரம் அக்கா:

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊரை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் இட்லியும் தோசையும் கிடைக்கும். அத்தைக்கு நடக்கக் கஷ்டம் என்றால் டாக்சி பிடித்துக்கொள். பாப்பாவின் தள்ளுவண்டி மடங்கும் வகையா? இல்லையென்றால் கேபின் கதவுக்குள் நுழையாது, வராந்தாவிலும் விட அனுமதிக்க மாட்டார்கள். மடங்குவதாகப் பார்த்து இப்போதே வாங்கிவிடு.