எட்டுப் பேர் ஆடும் அணிக்கு டை-பிரேக்கரில் இரண்டாம் பேஸில் நிற்க வேண்டியது யார்?

செகண்ட்பேஸ்:
டெக்சஸில் ஒரு வார இறுதிப் போட்டி. 14 வயதுக்குட்பட்ட பெண்கள், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டம், யூஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிகள். எதிரணிக்கு ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள், மாற்று ஆள் கிடையாது. பாதி ஆட்டத்தில் அவர்களுடைய 9-ம் இடத்து பேட்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. எட்டுப் பேரோடு தொடர்ந்தார்கள். ஏழு இன்னிங்ஸ் முடிந்து ஸ்கோர் சமம். எட்டாவதிலிருந்து டை-பிரேக்கர், அதாவது அந்த இன்னிங்ஸில் கடைசியாக பேட் பிடிக்க வேண்டியவரை இரண்டாம் பேஸில் நிறுத்தி ஆரம்பிப்பது. அவர்களுக்கு முதலில் வரவேண்டியது நம்பர் 1. வரிசையில் அவளுக்கு முந்தையவள் 9, அப்படியானால் ரன்னர் (பேஸில் நின்று ஓடுபவர்) அவள். அவள்தான் களத்திலேயே இல்லை.

அம்பயர் நம்பர் 8-ஐக் கொண்டுபோய் நிறுத்தினார். அவுட்டும் கொடுக்கவில்லை. இது எப்படிச் சரி? அந்த இடம் பேட்டிங்குக்கு வந்தபோதெல்லாம் அவுட் கொடுத்தார்களே. இங்கேயும் அவுட் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பேஸ் காலியாக இருக்க வேண்டும்.

நீலச்சட்டை:
அம்பயர் செய்தது சரிதான் சார். ஆட முடியாதவருக்குப் பட்டியலில் முந்தைய பெயர் எதுவோ அவர்தான் ரன்னர். அவுட் கிடையாது.

காரணம் இதுதான். ஆள் குறைந்த அணிக்கு அவுட் என்பது பேட் பிடிக்க ஆள் வராததற்கு. டை-பிரேக்கர் ரன்னர் யாருடைய பேட்டிங் முறையும் இல்லை. அவள் அந்த பேஸைச் சம்பாதிக்கவில்லை, விதி கொடுத்தது. பேட் பிடிக்காத இடத்தில் எதற்கு அவுட்?

செகண்ட்பேஸ்:
கொடுக்கப்பட்டது என்றால் இரக்கப்பட்டுக் கொடுக்கப்பட்டதா? ஒன்பது பேரோடு ஆடும் எங்களுக்கும் அதே ரன்னர், எட்டுப் பேருக்கும் அதே ரன்னர். ஆள் குறைவுக்கு விலையே இல்லையா? போதாக்குறைக்கு அந்த 8 நல்ல ஓட்டக்காரி. 9-ம் இடத்துப் பெண் அவ்வளவு வேகமில்லை. அடிபட்டதால் அவர்களுக்கு லாபம்.

பழைய_கேட்சர்:
லாபமா? ஒரு நிமிடம் யோசியுங்கள். டை-பிரேக்கர் ரன்னருக்கு மாற்று ஆள் விட விதி இடம் கொடுக்கிறது. உங்கள் அணியில் மெதுவாக ஓடும் பெண் அங்கே வந்தால், பெஞ்சில் இருப்பவளை அனுப்பலாம். அவர்களால் முடியாது, பெஞ்ச் இருந்திருந்தால் எட்டுப் பேரோடு ஆடியே இருக்க மாட்டார்கள். ஏழு இன்னிங்ஸ் வீசிக் களைத்த பிட்சரே 8-ம் இடத்தில் இருந்தால் அவள்தான் போய் நின்று ஓட வேண்டும். பேட்டிங் வரிசை ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரு இலவச அவுட், ஃபீல்டில் ஒரு ஓட்டை. இதெல்லாம் விலை இல்லையா?

இன்னொன்று: வீராங்கனையை அம்பயர் வெளியேற்றி ஆள் குறைந்தால் இந்தச் சலுகையே இல்லை. மாற்று ஆள் இல்லையென்றால் அந்த அணி ஆட்டத்தையே இழந்துவிடும். காயம் மாதிரியான காரணங்களுக்குத்தான் இந்த வழி.

செகண்ட்பேஸ்:
சரி, விலை இருக்கிறது. ஆனால் ஒருவரைப் பின்னால் தள்ளி எடுப்பது வரிசையைக் குழப்பாதா? 8 பேஸில் நிற்கும்போதே அவளுடைய பேட்டிங் முறை வந்துவிட்டால்?

நீலச்சட்டை:
வராது. அவள்தான் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் ரன்னர். அவளைத் தாண்டி யாரும் ரன் எடுக்க முடியாது. அவள் பேஸில் இருக்கும்வரை அவளுக்குப் பின்னால் அதிகபட்சம் இரண்டு ரன்னர், இரண்டு அவுட். ஆக நாலு பேட்டர்தான் முடிந்திருக்கலாம். ஐந்தாவது பேட்டரின் முறை முடிவதற்குள் அவள் ரன் எடுத்திருப்பாள், அவுட் ஆகியிருப்பாள், அல்லது இன்னிங்ஸே முடிந்திருக்கும். அவள் முறையோ ஏழு பேருக்கு அப்புறம்.

ஒரு ஆள் பின்னால் போவது புதுசும் இல்லை. மேஜர் லீக் பேஸ்பால் 2020-ல் 10-வது இன்னிங்ஸிலிருந்து இதே மாதிரி ரன்னரை வைத்தபோது, அந்த இடத்தில் பிட்சர் இருந்தால் அவருக்கு முந்தையவரை அனுப்பலாம் என்று எழுதினார்கள்.

ஸ்கோர்புக்:
நான் ஸ்கோர் எழுதுபவள். நிஜமான சிக்கல் நீங்கள் பேசாத இடத்தில் இருக்கிறது. ஏழாவதில் கடைசி அவுட் 8 என்று வையுங்கள். எட்டாவதை ஆரம்பிக்க வேண்டியது 9, அதாவது காலி இடம். அப்போது?

நீலச்சட்டை:
அருமையான கேள்வி மேடம். ரன்னர் அப்போதும் 8-தான், முதல் பேட்டருக்கு முந்தையவள் அவள். ஆனால் இங்கே 9-க்கு நிஜமாகவே பேட்டிங் முறை வந்திருக்கிறது. அதனால் அவுட். ஒரு அவுட், இரண்டாம் பேஸில் 8, பேட் பிடிக்க 1.

செகண்ட்பேஸ்:
பார்த்தீர்களா! இரண்டு நிலையிலும் இரண்டாம் பேஸில் அதே பெண், பேட்டில் அதே பெண். ஒன்றில் அவுட், மற்றதில் இல்லை. ஏழாவது எங்கே முடிந்தது என்பதுதான் வித்தியாசம். இது அதிர்ஷ்டமா, நியாயமா?

ஸ்கோர்புக்:
அதிர்ஷ்டம் இல்லை. ஏழாவது 8-ன் அவுட்டில் முடியாமல் காலி இடத்தின் அவுட்டிலேயே முடிந்திருந்தால், அந்த விலையை அவர்கள் ஏழாவதிலேயே கட்டிவிட்டார்கள். எட்டாவதிலும் கேட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை வசூல். அதனால்தான் காலி இடத்து அவுட்டையும் புத்தகத்தில் மறக்காமல் எழுத வேண்டும். அதை எழுதாத புத்தகத்தை வைத்துக்கொண்டு எட்டாவதில் யார் முதல் என்று யாராலும் சொல்ல முடியாது.

செகண்ட்பேஸ்:
அந்தக் கணக்கை ஏற்கிறேன். ஆனாலும் எட்டுப் பேர் அணிக்கு பேஸ் காலியாக இருக்க வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆட்டம் சீக்கிரம் முடியத்தானே இந்த விதி?

பழைய_கேட்சர்:
முடிய வேண்டும், ஒரு பக்கம் சாய்த்து முடிக்கக் கூடாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உயேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டத்தில் 413 பந்து வீசினார். பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால் 14 வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் நீளக் கூடாதுதான். அதற்காக ஒரு அணி ரன்னரோடும் இன்னொரு அணி ரன்னர் இல்லாமலும் ஆரம்பித்தால், முடிவை ஒரு குழந்தையின் கணுக்கால் தீர்மானிக்கும்.

செகண்ட்பேஸ்:
கடைசிவரை ஒன்பது பேர் இருக்கும்படி பார்ப்பது அணியின் பொறுப்பு. அதில் நான் இறங்கி வர மாட்டேன். அடுத்த முறை 9-க்குப் பதில் 8-ஐ விட்டுவிட்டு 7-ஐ நிறுத்திவிட்டால் என்ன செய்வது, அதையாவது சொல்லுங்கள்.

நீலச்சட்டை:
தவறான ரன்னரை நிறுத்தியது தெரிந்ததும் சரியானவரைக் கொண்டுவந்து நிறுத்தலாம், தண்டனை கிடையாது. முதல் பந்து வீசுவதற்கு முன்பே உங்கள் கோச் டைம் கேட்டு, ஸ்கோர் புத்தகத்தோடு பிளேட் அம்பயரிடம் (பேட்டருக்குப் பின்னால் நிற்பவர்) போய்க் கேட்பது நல்லது.